சுவரில் தொங்கும் செல்வம்

கண்டியிலிருந்து கம்பளைக்குச் செல்லும் வழியிற் பேராதனையைக் கடந்து சென்றால் கெலிஓயா என்னும் சிற்றூர் வரும். அருகே மகாவலி ஓடுகின்றது, சுற்றிலும் குன்றுகள், நடுவே இருப்புப்பாதையும் பெருந்தெருவும் கடைவீதியும். இவ்வூரிலுள்ள பழைய வீடொன்றின் முன்னறையைக் கற்பனையிற் காண்போம். சுவரிலே மரச்சட்டத்துள் ஒரு சரசுவதி படம் இருக்கின்றது. பாட்டனார் காலத்தில் இந்தியாவிலிருந்து வந்த அப்படம் இரவிவர்மாவே தம் கைப்பட வரைந்தது என்பது அக்குடும்பத்தாரின் நம்பிக்கை. அதன் அருகே கறுப்பு மையினால் வரைந்த ஒரு பெண்ணுருவம், மூலையில் ‘ஜி. கீட்’ என்ற கையொப்பம். மேசையின் இருபுறமும் ஒரே அச்சான இரு பித்தளைக் குத்துவிளக்குகள். அலுமாரியின் அடித்தட்டிலே, துணியிற் சுற்றிய ஓர் ஏட்டுச்சுவடி.

இந்நான்கையும் கலைத்தொகுப்பு என்று அவ்வீட்டார் ஒருபோதும் சொல்லியதில்லை. கலைத்தொகுப்பு என்றால் அது கொழும்பிலே பெருஞ்செல்வர் மாளிகையில் இருப்பது என்பதே பொதுவான எண்ணம். ஆயினும், ஒருவர் விரும்பித் தேடியவையோ முன்னோர் விட்டுச் சென்றவையோ ஆகிய கலைப்பொருள்கள் ஒரு கூரையின்கீழ்ச் சேர்ந்திருந்தால் அது தொகுப்பேயாகும். அவை நான்காயினும் நானூறாயினும் அவற்றைப் பற்றிய வினாக்கள் ஒன்றே. இவற்றின் பெறுமதி என்ன? இவை அழிந்தால் என் செய்வது?

2025ஆம் ஆண்டு நவம்பர் மாத இறுதியில் டித்வா புயல் இலங்கையைத் தாக்கியபோது இவ்வினாக்கள் மலைநாட்டிலே வெறும் ஏட்டு வினாக்களாக இருக்கவில்லை. கண்டி மாவட்டம் வெள்ளத்தாலும் மண்சரிவாலும் பேரழிவுற்றது. மாண்ட உயிர்களுக்கு ஈடு சொல்ல எவராலும் ஆகாது. ஆனால் உயிர் தப்பி, நீர் வடிந்தபின் வீடு திரும்புகின்ற ஒருவர், சேற்றிலிருந்து ஒரு படச்சட்டத்தை எடுத்து நிற்கும் நிலையை எண்ணிப் பார்க்கவேண்டும். அது யாது, யார் வரைந்தது, எவ்வளவு பெறும், எப்படி வீட்டுக்கு வந்தது என்பவற்றை அவர் எங்கேனும் எழுதி வைத்திருந்தாரா? எழுதாவிடின், அந்தச் சேற்றுத்துணி எது என்பதை அவரால் எவருக்கும் மெய்ப்பிக்க இயலாது.

கெலிஓயாவைச் சூழ்ந்த நிலம் கலைக்குப் புதியதன்று. அங்கிருந்து எளிதிற் சென்றடையக்கூடிய தொலைவிலேதான் கடலாதெனிய, லங்காதிலக, எம்பெக்கே என்னும் மூன்று புகழ்பெற்ற வழிபாட்டிடங்களும் உள்ளன. மூன்றும் 14ஆம் நூற்றாண்டில், கம்பளை அரசின் காலத்தில் எழுந்தவை. கடலாதெனிய ஆலயத்தை அமைத்த தலைமைச் சிற்பி கணேசுவராசாரி என்னும் தென்னிந்தியர். லங்காதிலகப் பாறையிலே சிங்களச் சாசனத்தோடு தமிழ்ச் சாசனமும் பொறிக்கப்பட்டிருக்கின்றது. எம்பெக்கே தேவாலயத்தின் மரத்தூண்களிற் செதுக்கிய உருவங்களைக் காண்பதற்கென்றே தொலைநாட்டார் வருகின்றனர். பித்தளை வேலை செய்யும் கைவினைஞர் இப்பகுதிக் கிராமங்களில் இன்றும் இருக்கின்றனர்.

இக்கைவினைகளின் பெறுமதியை உலகுக்கு எடுத்துரைத்தவர், 1877ஆம் ஆண்டு கொழும்பிலே பிறந்த ஆனந்த குமாரசுவாமி. அவர் 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுப் பணியின் தலைவராக இருந்தார். கல்லையும் கனியத்தையும் ஆராய ஊரூராகச் சென்றவர், அவ்வூர்களிலே அருகிவந்த கைத்தொழில்களைக் கண்டு வருந்தினார். பழைய கட்டடங்களைப் பேணுமாறு கண்டியப் பிரதானிகளுக்கு 1905இல் ஒரு பகிரங்கக் கடிதம் வரைந்தார். கண்டியக் கலைகளைப் பற்றிய அவருடைய பெருநூல் 1908இல் வெளிவந்தது; அச்சிட்ட பிரதிகள் 425 மட்டுமே. பின்னர் இந்தியக் கலைப்பொருள்களைப் பெருந்தொகையாகத் திரட்டிய அவர், அவற்றை இந்தியாவிலே ஒரு தேசிய அரும்பொருளகத்துக்கு நல்க விரும்பினார். அம்முயற்சி கைகூடவில்லை. 1917இல் டென்மன் ரோஸ் என்னும் அமெரிக்கச் செல்வரின் வாயிலாக அத்தொகுப்பு பொஸ்ரன் நுண்கலை அரும்பொருளகத்தைச் சேர்ந்தது. குமாரசுவாமியும் அங்கே இந்தியக் கலைப்பகுதியின் காப்பாளராகி, 1947இல் மறையும்வரை அவ்வரும்பொருளகத்திலேயே பணியாற்றினார்.

இவ்வரலாறு ஓர் உண்மையை உணர்த்துகின்றது. பொருளின் மதிப்பு பொருளிலே மட்டும் இல்லை. அதனை இன்னதென அறிந்து, பெயரிட்டு, எழுதி வைப்பவரிடத்தும் இருக்கின்றது. குமாரசுவாமியின் தொகுப்பு சிதறாமல் நின்றதற்குக் காரணம், ஒவ்வொரு பொருளையும் அறிந்த ஒருவர் அதனோடு கூடவே சென்றமைதான்.

இனி, மதிப்பிடுதல் என்பது யாதென நோக்குவோம். ஒரே பொருளுக்குப் பலவகை மதிப்புகள் உண்டு. தந்தையார் தந்த விளக்கு மகனுக்கு விலைமதிப்பற்றது. இது உள்ளத்தின் மதிப்பு. இதற்கு எந்தக் காப்புறுதி நிறுவனமும் ஈடு தருவதில்லை. அடுத்தது, அவசரத் தேவைக்கு விற்றால் வியாபாரி கையிற் கொடுக்கும் தொகை. இது மிகக் குறைந்தது. அதற்கு மேற்பட்டது, விரும்பி வாங்குவோரும் விரும்பி விற்போரும் கூடும் ஏலத்திற் கிடைக்கும் விலை. எல்லாவற்றிலும் உயர்ந்தது, அப்பொருளை இழந்தவர் அதற்கு நிகரான இன்னொன்றைக் கலைக்கூடத்திலே தேடிப்பெறக் கொடுக்கவேண்டிய விலை. இதுவே மீள்கொள்வனவுப் பெறுமதி. காப்புறுதிக்காக மதிப்பிடும்போது பெரும்பாலும் இந்த இறுதி வகையையே கணக்கிற் கொள்வர். சொத்துப் பிரிக்கும்போது எழுதிய மதிப்பீடு காப்புறுதிக்குப் பொருந்தாமைக்குக் காரணம் இதுவே. எந்நோக்கத்துக்காக மதிப்பிடப்பட்டது என்பதை மதிப்பீட்டறிக்கை தெளிவாகச் சொல்லவேண்டும்.

கெலிஓயா வீட்டுக்கு ஒரு மதிப்பீட்டாளர் வருகின்றார் என்று கொள்வோம். அவர் முதலிலே சரசுவதி படத்தை நோக்குவார். இரவிவர்மா 1894இல் பம்பாயிலே ஓர் அச்சகம் நிறுவி, தம் தெய்வப் படங்களை வண்ணக் கல்லச்சுப் படங்களாக வெளியிட்டார். அவை இந்தியாவெங்கும் பரவின. கடல் கடந்தும் சென்றன. உருப்பெருக்குக் கண்ணாடியால் நோக்கினால், தூரிகை இழுத்த தடத்துக்குப் பதிலாக நுண்ணிய புள்ளிகளே தோன்றும். சட்டத்தைக் கழற்றினால் அடியோரத்தில் அச்சகத்தின் பெயர் இருத்தலுங் கூடும். கைப்பட வரைந்தது என்று மூன்று தலைமுறை நம்பிய படம் அச்சுப்படம் என்று தெரியவரும்போது வீட்டார் மனம் வாடுவது இயல்பே. ஆனால் அவர்கள் இழந்தது ஒன்றுமில்லை. உண்மையில், இல்லாத ஓவியத்துக்கு ஆண்டுதோறும் காப்புறுதிக் கட்டணம் செலுத்தும் வீண்செலவு அவர்களுக்கு மிச்சமாகின்றது. நல்ல நிலையிலுள்ள பழைய அச்சுப்படத்துக்கும் விரும்புவோர் உண்டு. அதற்கேற்ற ஓர் எளிய விலையும் உண்டு.

அடுத்தது மைக்கோட்டுச் சித்திரம். ஜோர்ஜ் கீட் 1901இற் கண்டியிலே பிறந்து, அந்நகரின் திரித்துவக் கல்லூரியிற் பயின்றவர். பொரளை கோதமி விகாரையின் சுவரோவியங்கள் அவருடையவை. 1943இல் லயனல் வென்ட், ஹரி பீரிஸ் முதலியோருடன் சேர்ந்து ‘நாற்பத்துமூன்றாம் குழு’ என்னும் ஓவியர் கழகத்தைத் தோற்றுவித்தோருள் ஒருவர். 1993இல் மறைந்தார். நெடுங்காலம் கண்டிப் பகுதியில் வாழ்ந்தவராதலின், அவர் கைச்சித்திரம் அயலூர் வீடொன்றில் இருத்தல் வியப்பன்று. ஆயினும் புகழ்பெற்ற பெயர் எங்குண்டோ அங்கே போலியும் வந்து சேரும். கையொப்பம் ஒன்றே சான்றாகாது. எந்த ஆண்டில், யாரிடமிருந்து, எவ்வாறு வந்தது? பற்றுச்சீட்டு உண்டா? ஓவியர் எழுதிய கடிதம் உண்டா? அப்படம் தொங்கும் சுவரின்முன் எடுத்த பழைய குடும்ப நிழற்படம் உண்டா? இக்கேள்விகளுக்குக் கிடைக்கும் விடைகளே அப்பொருளின் வழிவரலாறு. ஒரே ஓவியர் வரைந்த, ஒரே அளவான இரு சித்திரங்களுள் வழிவரலாறு உள்ளதற்கு ஒரு விலை. இல்லாததற்கு வேறு விலை.

மூன்றாவதாக விளக்குகள். அவை ஒரு சோடி. சோடியாக உள்ள பொருளில் ஒன்று போனால், மற்றதன் மதிப்பு பாதிக்கும் கீழாகக் குறைந்துவிடுதல் உண்டு. காப்புறுதி ஒப்பந்தங்களிலே சோடிகளைப் பற்றித் தனி வாசகம் இருப்பது வழக்கம். சில ஒப்பந்தங்கள் இழந்த ஒன்றுக்கு மட்டுமே ஈடு தரும். வேறு சில, எஞ்சியதை நிறுவனத்திடம் ஒப்படைத்தால் முழுச் சோடிக்கும் ஈடு தரும். கையெழுத்திடுமுன் இதனைக் கேட்டறிதல் வேண்டும்.

நான்காவது ஏட்டுச்சுவடி. இதன் பெறுமதியைச் சட்டமும் தீர்மானிக்கின்றது. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டம், 1815 மார்ச் 2ஆம் நாளுக்கு முற்பட்டவற்றைத் தொல்பொருள் என வரையறுக்கின்றது. கண்டி இராச்சியம் உடன்படிக்கையினால் ஆங்கிலேயர் கைக்கு மாறிய நாள் அது. உத்தரவின்றித் தொல்பொருளை நாட்டுக்கு வெளியே கொண்டுசெல்லுதல் குற்றம். 1988ஆம் ஆண்டின் 73ஆம் இலக்கக் கலாசாரச் சொத்துச் சட்டமும் இத்தகைய பொருள்களின் ஏற்றுமதியையும் வாணிகத்தையும் கட்டுப்படுத்துகின்றது. ஆகவே, இலண்டன் ஏலமொன்றில் ஒரு சுவடி என்ன விலை போயிற்று என்பதைக் கொண்டு கெலிஓயாச் சுவடிக்கு விலை கூறுதல் பொருந்தாது. உள்நாட்டில் அது பெறக்கூடிய மதிப்பே அதன் மதிப்பு.

மதிப்பீட்டாளரைத் தெரிவதிலும் கவனம் வேண்டும். பொருளை வாங்க விரும்புபவரே அதை மதிப்பிடுதல் ஆகாது. அவர் குறைத்துச் சொல்லுவார். மதிப்பிட்ட தொகையில் இத்தனை வீதம் என்று கூலி பெறுபவரையும் நாடலாகாது. அவர் கூட்டிச் சொல்லுவார். செலவழிக்கும் நேரத்துக்குக் கூலி பெற்று, எழுத்தில் அறிக்கை தருபவரே ஏற்றவர். அவ்வறிக்கையும் என்றைக்கும் செல்லுபடியாவதன்று. எம். எப். ஹுசைன் வரைந்த ‘கிராம யாத்திரை’ என்னும் ஓவியத்தை ஒரு மருத்துவர் 1954இல் இந்தியாவிலே வாங்கி நோர்வேக்குக் கொண்டுசென்றார். பின்னர் ஒஸ்லோ மருத்துவமனைக்குச் சேர்ந்த அவ்வோவியம், 2025 மார்ச்சில் நியூயோர்க் ஏலத்தில் ஒரு கோடியே 37 இலட்சம் டொலருக்கு மேல் விலைபோயிற்று. பழைய மதிப்பீட்டை நம்பி அதற்குக் காப்புறுதி செய்திருந்தால் கிடைக்கும் ஈடு எத்துணைச் சிறிதாக இருந்திருக்கும்! மூன்று அல்லது ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை மதிப்பீட்டைப் புதுப்பித்தல் நன்று. இலங்கை ரூபாயின் பெறுமதி 2022ஆம் ஆண்டு நெருக்கடியில் எவ்வாறு வீழ்ந்தது என்பதை நினைவிற் கொண்டால் இதன் தேவை விளங்கும்.

மதிப்பை அறிந்தபின் வருவது காப்புறுதி. இதன் அடிப்படை எளிது. பலர் சிறுசிறு தொகை செலுத்தி ஒரு பொது நிதியை வளர்க்கின்றனர். இடர் நேர்ந்த சிலருக்கு அந்நிதியிலிருந்து ஈடு கிடைக்கின்றது. இழப்பை நிரப்புவதே அதன் நோக்கம். இழப்பினால் இலாபம் ஈட்டுவித்தல் அன்று. பொருள் தம்முடையது என்று காட்டக்கூடியவரே அதற்குக் காப்புறுதி செய்யலாம். நிறுவனம் முடிவெடுப்பதற்கு இன்றியமையாத செய்திகள் எவற்றையும் மறைத்தலாகாது. வீடு ஆற்றங்கரையில் உள்ளதை மறைத்தவர், வெள்ளம் வந்தபின் ஈடு கோரினால் வெறுங்கையோடு திரும்ப நேரும்.

சாதாரண வீட்டுக் காப்புறுதி ஒப்பந்தம் வீட்டிலுள்ள தளபாடங்களோடு படங்களையும் உள்ளடக்கும் என்று பலர் எண்ணுகின்றனர். அது ஓரளவுதான் உண்மை. தனிப்பொருள் ஒன்றுக்கு இவ்வளவுக்கு மேல் ஈடு இல்லை என்று ஓர் எல்லை அவ்வொப்பந்தங்களிற் பெரும்பாலும் விதிக்கப்பட்டிருக்கும். அவ்வெல்லைக்கு மேற்பட்ட பொருளைப் பெயரும் விலையும் குறித்துத் தனி அட்டவணையிற் சேர்ப்பித்தல் வேண்டும். அவ்வாறு சேர்க்கும்போது, ‘ஒப்புக்கொள்ளப்பட்ட பெறுமதி’ என்ற முறையிற் செய்ய இயலுமா என்று கேட்கலாம். இம்முறையில், பொருளின் விலை இவ்வளவு என்று இருதரப்பாரும் முதலிலேயே இணங்கிவிடுவர். பொருள் முற்றாக அழிந்தால் அத்தொகை வழக்கின்றிக் கிடைக்கும். மற்ற முறையில், அழிந்த நாளில் அதன் சந்தை விலை என்ன என்பதைப் பின்னர் ஆராய்வர். இல்லாத பொருளை ஆராய்ந்து விலை கூறுதல் எளிதன்று. பிணக்கு எழுவது அங்கேதான்.

கட்டணத்தைச் சேமிக்கக் கருதிப் பெறுமதியைக் குறைத்துக் காட்டுவோர் ஒரு கணக்கை அறிந்திருக்கவேண்டும். வீட்டுப் பொருள்களின் உண்மைப் பெறுமதி 40 இலட்சம் ரூபாய். உடையவரோ 10 இலட்சத்துக்கே காப்புறுதி செய்தார். ஒரு சிறு தீயில் 4 இலட்சம் ரூபாய் பெறும் பொருள்கள் அழிந்தன. காப்புறுதித் தொகை 10 இலட்சம் இருக்கின்றதே, 4 இலட்சமும் கிடைக்கும் என்று அவர் எண்ணுவார். ஆனால் ஒப்பந்தத்திற் சராசரி வாசகம் என்று ஒன்று இருந்தால், கிடைப்பது 1 இலட்சமே. நாற்பதிற் பத்து, அதாவது காற்பங்குக்கே அவர் காப்புறுதி செய்தார். எஞ்சிய முக்காற்பங்குக்கு அவரே காப்புறுதியாளர். ஆதலின் இழப்பிலும் காற்பங்கே அவருக்கு உரியது.

முழு அழிவைவிடப் பகுதிச் சேதமே சிக்கல் மிகுந்தது. பிக்காசோ 1932இல் வரைந்த ‘கனவு’ என்னும் ஓவியத்தை, அமெரிக்கச் செல்வர் ஸ்ரீவ் வின் 2006இல் 13 கோடியே 90 இலட்சம் டொலருக்கு விற்க இணங்கியிருந்தார். அதனை நண்பர்களுக்குக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தபோது அவர் முழங்கை பட்டு ஓவியத் துணி கிழிந்தது. விற்பனை நின்றது. கிழிசல் திறம்படத் திருத்தப்பட்டது. எனினும் அதன் மதிப்பு 8 கோடியே 50 இலட்சமாகக் குறைந்துவிட்டது என்று கணித்தனர். குறைந்த தொகையை ஈடாகக் கேட்ட வின்னுக்கும் காப்புறுதியாளருக்கும் வழக்கு மூண்டு, 2007இல் இணக்கத்தில் முடிந்தது. அதே ஓவியம் 2013இல், முதலில் வாங்கவிருந்தவருக்கே 15 கோடியே 50 இலட்சம் டொலருக்கு விலைபோனமை வேடிக்கை. இதிலிருந்து அறியத்தக்கது யாதெனின், திருத்தும் செலவு வேறு, திருத்தியபின் குறையும் மதிப்பு வேறு. இரண்டுக்கும் ஈடு உண்டா என்பதை ஒப்பந்தத்திலே காணவேண்டும்.

எவற்றுக்கு ஈடு இல்லை என்பதே மலைநாட்டாருக்கு மிக முக்கியமானது. கறையான், பூச்சி, பூஞ்சணம், ஈரக்கசிவு, வெயிலால் நிறம் மங்குதல், நாட்பட்ட தேய்வு ஆகியவை வழக்கமாகக் காப்புறுதிக்குப் புறம்பானவை. இவை திடீரென நேரும் விபத்துகளல்ல. கவனக்குறைவிலே மெல்ல வளரும் கேடுகள். கண்டிப் பகுதியின் பனியும் மழையும் கடதாசிக்குப் பகை. மழைபடும் வெளிச்சுவரிலே படத்தைத் தொங்கவிடலாகாது. சுவருக்கும் சட்டத்துக்கும் இடையே காற்றுப் புகும் இடைவெளி வேண்டும். வெயில் நேரே படும் இடமும் அடுக்களைப் புகை வரும் இடமும் ஆகா. ஏட்டுச்சுவடியை அலுமாரியின் அடித்தட்டில் வைத்தல், வெள்ளம் வரும் ஊரில், அதனை ஆற்றுக்கு நேர்ந்துவிடுதலை ஒக்கும். மேற்றட்டுக்கு மாற்றுவதற்குக் கட்டணம் ஏதுமில்லை.

வெள்ளம், சூறாவளி, மண்சரிவு ஆகியவற்றுக்கான காப்பும் தீக்காப்புறுதியோடு தானாக வந்துவிடும் என்று கருதலாகாது. பல ஒப்பந்தங்களில் அவை கேட்டுச் சேர்க்கவேண்டியவை. கலவரமும் அவ்வாறே. 1983 ஜூலையில் எத்தனையோ தமிழ் வீடுகள் அவற்றிலிருந்த அனைத்தோடும் எரிந்தன. 2018 மார்ச்சிலே கண்டியை அடுத்த திகனப் பகுதியில் முஸ்லிம் மக்களின் வீடுகளும் கடைகளும் தீக்கிரையாயின. வேலைநிறுத்தம், கலவரம், பயங்கரவாதம் என்பவற்றால் வரும் இழப்புக்கென இலங்கையில் அரசின் நிதியமொன்று உண்டு. 2006ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியம் அதனை நிருவகிக்கின்றது. ஒப்பந்தத்தோடு இக்காப்பையும் சேர்ப்பித்தவருக்கே அதன் பயன் கிட்டும்.

அப்படியாயின், எல்லாவற்றுக்கும் காப்புறுதி செய்தல் வேண்டுமா? வேண்டுவதில்லை. 1962ஆம் ஆண்டின் இறுதியில் ‘மோனாலிசா’ ஓவியம் அமெரிக்கா செல்லவிருந்தபோது அதன் காப்புறுதிப் பெறுமதி 10 கோடி டொலர் என மதிப்பிட்டனர். ஆனால் காப்புறுதி செய்யப்படவில்லை. கட்டணமாகும் தொகையைவிடக் குறைந்த செலவில் மிகச் சிறந்த காவலை அமைத்துவிடலாம் என்று கண்டனர். இவ்வறிவு எளிய வீட்டுக்கும் பொருந்தும். அச்சுப்படத்துக்குத் தனிக் காப்புறுதி வேண்டாம்; கீட்டின் சித்திரம் மெய்யானதென நிறுவப்பட்டால் அதற்கு வேண்டும். விளக்குகளை வீட்டுப் பொருள்களோடு சேர்க்கலாம். சுவடியைப் பொறுத்தவரை, பணத்தைக் கொண்டு இன்னொன்றை வாங்க இயலாது. அதற்கு ஏற்ற காப்பு அதனைப் படியெடுத்து வைத்தலே. 1981ஆம் ஆண்டு மே 31ஆம் நாள் இரவு தொடங்கிய தீயில் யாழ்ப்பாணப் பொதுநூலகத்தின் ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்தன. கட்டடம் மீண்டும் எழுந்தது. அச்சிட்ட நூல்களிற் பல மீண்டும் கிடைத்தன. படியெடுக்கப்படாத ஏடுகள் போனவை போனவையே.

எழுதிவைத்தலும் படம் எடுத்துவைத்தலும் எத்துணை வலியன என்பதற்குத் தமிழ்நாட்டிலே ஒரு சான்றுண்டு. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோவிலிலிருந்து களவுபோன நடராசர் திருவுருவத்தை அவுஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடம் 2008இல் ஏறத்தாழ 50 இலட்சம் அமெரிக்க டொலர் கொடுத்து வாங்கியது. விற்றவர் காட்டிய பத்திரங்கள் பொய்யானவை. 1955இல் தொடங்கிய புதுச்சேரிப் பிரெஞ்சு நிறுவனம் கோவில்தோறும் சென்று எடுத்து வைத்த நிழற்படங்களோடு ஒப்பிட்டபோது உண்மை வெளியாயிற்று. 2014 செப்டெம்பரில் திருவுருவம் இந்தியாவுக்குத் திரும்பியது. காவலரும் பூட்டும் காக்கத் தவறியதை ஒரு நிழற்படம் மீட்டது.

ஆகவே, முதற்காப்புறுதி ஒரு பட்டியலே. அதில் என்ன எழுதவேண்டும் என்பதற்கு 1997இல் வகுக்கப்பட்ட ‘ஒப்ஜெக்ட் ஐடி’ என்னும் உலகப் பொதுமுறை ஒன்றுண்டு. பொருளின் வகை, அது செய்யப்பட்ட மூலப்பொருள், நீள அகலம், அதிலுள்ள எழுத்தும் கையொப்பமும், தனியடையாளம், சித்திரித்திருக்கும் காட்சி, காலம், செய்தவர் பெயர் ஆகியவற்றை அது கேட்கின்றது. இவற்றுள் தனியடையாளம் முதன்மையானது. விளக்கின் அடியில் ஒரு நெளிவு, சித்திரத்தின் ஓரத்தில் ஒரு கறை, ஏட்டின் மூலையில் ஒரு முறிவு ஆகிய குறைகளே பொருளை இன்னதென்று காட்டிக்கொடுக்கும். முன்புறம், பின்புறம், கையொப்பம், குறை ஆகியவற்றைத் தனித்தனி நிழற்படமாக எடுக்கவேண்டும். கைத்தொலைபேசி ஒன்றே இதற்குப் போதும். பற்றுச்சீட்டையும் மதிப்பீட்டறிக்கையையும் கூடச் சேர்த்து, ஒரு பிரதியை வேற்றூரிலுள்ள உறவினரிடமோ வங்கிப் பெட்டகத்திலோ வைத்தல் வேண்டும். வெள்ளத்தில் வீட்டோடு போகும் பட்டியல் பட்டியலன்று.

இழப்பு நேர்ந்துவிட்டால் செய்யத்தக்கவை சில. தாமதமின்றி நிறுவனத்துக்கு எழுத்தில் அறிவித்தல். களவாயின் பொலிஸ் நிலையத்தில் முறையிட்டு அதன் பிரதியைப் பெறுதல். சேதமான பொருளை எறிந்துவிடாமல் நிழற்படமெடுத்து வைத்திருத்தல். நனைந்த படத்தை வெயிலிற் காயப்போடுதலும் துடைத்தலும் கேட்டை மிகுவிக்கும். நிழலிற் காற்றோட்டமாகக் கிடத்தி, அறிந்தவரை நாடவேண்டும். நிறுவனத்தோடு பிணக்கு நேர்ந்து தீர்வு கிட்டாவிடின், காப்புறுதி ஒம்புட்ஸ்மன் என்னும் குறைகேள் அலுவலரிடமும், இலங்கைக் காப்புறுதி ஒழுங்குமுறைப்படுத்தல் ஆணைக்குழுவிடமும் முறையிட வழியுண்டு.

தொகுப்புக்கு மற்றோர் இடரும் உண்டு. அது உடையவரின் மறைவு. பிள்ளைகள் அறியாத பொருளைப் பழம்பொருள் வாங்குபவர் நிறுத்து எடுத்துச் செல்வார். ஓவியர் ஹரி பீரிஸ் இதனை முன்னரே எண்ணி, கொழும்பு பார்ன்ஸ் பிளேசிலுள்ள தம் இல்லத்தையும் தொகுப்பையும் 1974இல் அமைந்த சபுமல் மன்றத்துக்கு உரிமையாக்கினார். அவர் 1988இல் மறைந்தபின்னும் நாற்பத்துமூன்றாம் குழுவினரின் ஓவியங்கள் சிதறாமல் மக்கள் காணுமாறு அங்கே இருக்கின்றன. எல்லாரும் மன்றம் அமைக்க இயலாது. ஆனால் ஒவ்வொருவரும் தம் பிள்ளைகளை அருகழைத்து, இது இன்னது, இன்னாரிடமிருந்து வந்தது என்று சொல்லி எழுதுவிக்க இயலும்.

கெலிஓயா வீட்டிலே ஒரு மாலைப்பொழுது. பாட்டியார் சொல்ல, பேரப்பிள்ளை ஒரு பயிற்சிக் கொப்பியை விரித்து எழுதுகின்றது: ‘சரசுவதி, அச்சுப்படம், பாட்டனார் கொணர்ந்தது, விளக்கு இரண்டு, ஒன்றின் அடியில் நெளிவு.’ காப்புறுதிப் பத்திரம் வருமுன்னரே அவ்வீட்டின் செல்வத்துக்குக் காப்பு வந்துவிட்டது. காப்புறுதி இழந்ததற்குப் பணம் தரும். இழந்தது எது என்பதை அந்தக் கொப்பிதான் சொல்லும்.